மூத்த பிள்ளையும் பிள்ளையே

இல்லத்தில் புதிதாக ஒரு குழந்தை பிறந்தால் உற்றாரும் அண்டை அயலாரும் வந்து வாழ்த்துவர். தொட்டில் கட்டுவதும் பெயர் சூட்டுவதுமாக வீடே விழாக்கோலம் பூணும். அவ்வேளையில் வாசற்படியில் ஒதுங்கி நிற்கும் மூத்த பிள்ளையை நோக்குவார் எத்தனை பேர்?

நேற்றுவரை அன்னையின் மடி அப்பிள்ளைக்கே உரியதாக இருந்தது. இன்று அது பறிபோனதாக அப்பிஞ்சு உள்ளம் எண்ணுகிறது. அதனால் மறந்துபோன விரல் சூப்பும் பழக்கம் திரும்பும், படுக்கை நனையும், வகுப்பில் காரணமின்றி அழுகை வரும். இவை குறும்பல்ல, "என்னையும் பாருங்கள்" என்னும் வேண்டுகோளே ஆகும். அடித்தால் அச்சம் பெருகும். அணைத்தால் நாளடைவில் பெரும்பாலும் தாமே மறையும். "மூத்தது மோழை, இளையது காளை" என்று வேடிக்கையாகச் சொல்வதும் பிள்ளையின் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கும்.

மாங்கனி தமையனுக்குப் போனதால் முருகன் சினந்து மலையேறிய கதையை நாம் அறிவோம். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலில் அம்முருகனையே வணங்குகிறோம். கடவுளுக்கே அக்கோபம் வந்ததெனில், நம் பிள்ளைக்கு வாராதா?

அக்காலத் தோட்டங்களில் பெற்றோர் விடியற்காலையிலேயே பால்வெட்டுக்குச் சென்றனர். ஆயாக்கொட்டகை இருந்தும், தம்பி தங்கையரைக் காக்கும் பொறுப்பு மூத்த பெண்பிள்ளைகள் பலர்மேல் விழுந்தது. அதனால் படிப்பை இழந்தோரும் உண்டு. அன்று வறுமை அதனைக் கட்டாயமாக்கியது. இன்று வழக்கமென்று தொடர்வது தகாது. துணி எடுத்துக் கொடுத்தல், தொட்டில் ஆட்டுதல் போன்ற சிற்றுதவிகள் பாசத்தை வளர்க்கும். முழுப் பொறுப்போ வெறுப்பை வளர்க்கும்.

1955 ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் திருத்தப்பட்டு, 1.1.2023 முதல் தாய்க்கு 98 நாள் பேறுகால விடுப்பும், விதிகளுக்கு உட்பட்டுத் தந்தைக்கு 7 நாள் விடுப்பும் கிடைக்கின்றன. தந்தையரே! அந்த ஏழு நாளில் மூத்த பிள்ளையைக் கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். இரவில் கதை சொல்லுங்கள். தாய்மார்களே! கைக்குழந்தை உறங்கும் சிறிது நேரத்தையேனும் மூத்த பிள்ளைக்கே அளியுங்கள்.

மாணவச் செல்வங்களே! ஒரு விளக்கிலிருந்து மற்றொன்றை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை. தாயன்பும் அத்தகையதே. "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்" என்பது பழமொழி. உங்கள் தம்பி தங்கையரை மகிழ்வுடன் வரவேற்பீர்களாக!