சர்வர் எங்கே ஓடுகிறது?

புனேயில் பாஷாண் பகுதியிலோ கணேஷ்கிந்த் வளாகத்திலோ முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர் ஒருவரின் மாலைப்பொழுதை எண்ணிப் பார்க்கலாம். ஔந்தில் உள்ள வாடகை அறையிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியாக ஆய்வகக் கணினிக்குள் நுழைந்து, கணிப்புக்கான உள்ளீட்டுக் கோப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறார். இணையம் அறுந்துபோகிறது. அந்த முனையத்துக்குள் ஓடிய விம் உரைத்திருத்தியும் அதோடு நின்றுவிடுகிறது. மீண்டும் நுழைந்து கோப்பைத் திறந்ததும், முந்தைய அமர்வின் ஸ்வாப் கோப்பு கிடப்பதாக விம் எச்சரிக்கிறது. அவர் அதைப் படித்துப் பாராமல் அழித்துவிடுகிறார். சேமிக்கப்படாத திருத்தங்களை மீட்டெடுக்க இருந்த வழியும் அதோடு அடைபடுகிறது.

பழி இணையத்தின்மேல் போடப்படும். ஆனால் இழப்புக்குக் காரணம் ஒரு வழக்கமும்தான்: ஒவ்வொரு கோப்புக்கும், ஒவ்வொரு முனையத்திலும், புதிதாக ஒரு திருத்தியைத் தொடங்கி மூடும் வழக்கம். இதற்கான மாற்று புதியதன்று. ஈமாக்ஸில் 1980களிலிருந்தே அது இருக்கிறது. திருத்தி ஒரே ஒருமுறை தொடங்கப்பட்டுச் சர்வராக நிற்கிறது. ஈமாக்ஸ்கிளையண்ட் என்னும் சிறிய நிரல் அதனிடம் சென்று, ‘இந்தக் கோப்பை இந்த வரியில் திற’ என்று கேட்கிறது. 2009இல் வெளிவந்த 23ஆம் பதிப்பு முதல், முனையம் எதையும் சாராமல் பின்னணியிலேயே ஈமாக்ஸை இயக்க முடிகிறது. அப்படி இயக்கினால், இணைப்பு அறுந்தாலும் மறைவது கிளையண்டின் சாளரம் மட்டுமே. திறந்திருந்த கோப்புகளும் சேமிக்காத வரிகளும் அப்படியே இருக்கும். மறுபடி இணைந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஆய்வேடு எழுதுவோருக்கு இதன் பயன் இன்னும் நேரடியானது. லேடெக்கில் எழுதும்போது பி.டி.எப். பக்கத்தில் ஒரு சமன்பாட்டைச் சொடுக்கினால், மூலக் கோப்பின் அதே வரிக்குத் திருத்தி தாவுகிறது. பக்கத்துக்கும் வரிக்கும் உள்ள தொடர்பைச் சிங்க்டெக் பதிந்து வைக்கிறது, பி.டி.எப். காட்டி, ஓடிக்கொண்டிருக்கும் திருத்திக்குக் கிளையண்ட் வழியாகச் செய்தி அனுப்புகிறது. கிட்டில் மாற்றங்களைப் பதியும்போதும் இதே ஏற்பாடு உதவுகிறது. குறிப்பை எழுதி முடித்தாயிற்று என்று திருத்தி அறிவிக்கும்வரை கிளையண்ட் காத்திருக்கிறது. கிட்டும் அதற்காகக் காத்திருக்கிறது. விம்மில் இதற்கெனத் தனிக் கட்டளை உண்டு. ஆனால் லினக்ஸில் அது நெடுங்காலம் எக்ஸ் சாளர அமைப்பையே சார்ந்திருந்ததால், வெறும் முனையத்தில் பயன்பட்டதில்லை. நியோவிம்மோ, பிற நிரல்கள் செய்தி அனுப்பித் தன்னை இயக்கலாம் என்பதையே தன் அடிப்படை வடிவமைப்பாகக் கொண்டது.

தனித்தனியே இயங்கும் நிரல்கள் செய்தி பரிமாறி ஒரு வேலையை முடிப்பது புனேக்குப் புதிய கருத்தன்று. 1988இல் இங்கே தொடங்கப்பட்ட சி-டாக், 1991இல் பரம் 8000ஐ உருவாக்கியது. ஒரே பெரிய செயலியை நம்பாமல், பல டிரான்ஸ்பியூட்டர்களைச் செய்திகளால் இணைத்த இயந்திரம் அது. இன்று ஐசர் புனேயில் பரம் பிரம்மா இருக்கிறது. அத்தகைய மீக்கணினிகளில் ஆயிரக்கணக்கான கருக்களுக்கு வேலையைப் பகிர்ந்தளிக்கக் கற்கும் மாணவர், தம் மேசையில் உள்ள இரண்டு நிரல்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதை அறியாமலே பட்டம் பெற்றுவிட முடிகிறது. இது சிறு குறையன்று.

‘வி.எஸ். கோட் இதையெல்லாம் தானே செய்துவிடுகிறதே’ என்பது வழக்கமான மறுப்பு. உண்மைதான், செய்கிறது. 2019இல் அறிமுகமான அதன் தொலை இணைப்பு வசதி, நுழைந்த கணினியில் பயனரின் கோப்பகத்துக்குள் ஒரு சர்வரை நிறுவி ஓடவிடுகிறது. மொழிச் சேவைகளும் கோப்புக் கண்காணிப்பும் அங்கேயே நடக்கின்றன. மீக்கணினியின் நுழைவுக் கணு பலரும் பகிர்ந்துகொள்ளும் இடம். அங்கே ஐம்பது பேர் தாம் அறியாமலே ஆளுக்கொரு சர்வரை ஓடவிட்டால், பாதிக்கப்படுவது வேலையைச் சமர்ப்பிக்க வந்த மற்றவர்கள். ஈமாக்ஸைப் பின்னணியில் விட்டுச் செல்வோருக்கும் இது பொருந்தும். கருவியைக் குறை சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை. சர்வர் எங்கே ஓடுகிறது என்று பயனர் அறியாதிருப்பதே சிக்கல்.

அதைவிடக் கடுமையான கேள்வி ஒன்று உண்டு: அந்தச் சர்வரிடம் யாரெல்லாம் பேசலாம்? ஈமாக்ஸ்கிளையண்ட் கோப்பைத் திறக்க மட்டும் கேட்பதில்லை. எந்த லிஸ்ப் கட்டளையையும் இயக்கச் சொல்லலாம். ஆகவே அந்த வாசலை அடைந்தவர், பயனரின் பெயரில் கோப்புகளை அழிக்கவும் முடியும். இயல்பான அமைப்பில் ஈமாக்ஸ், பயனர் மட்டுமே நுழையக்கூடிய கோப்பகத்துக்குள் உள்ள சாக்கெட்டையே பயன்படுத்துகிறது. அது போதுமான காப்பு. வலையத் துறை வழியாகத் திறந்தால் சாவிக் கோப்பு ஒன்று தேவைப்படுகிறது. ஆனால் அந்தச் சாவி மறையாக்கம் இன்றியே பயணிக்கிறது. நியோவிம்மை வலையத் துறையில் காத்திருக்கச் செய்தால் அது கடவுச்சொல்லே கேட்பதில்லை. இணையத்தில் கண்ட ஒரு வரியை நகலெடுத்து, பகிர்வுக் கணினியில் அப்படித் திறந்துவைப்பது, விடுதி அறையின் சாவியைக் கதவிலேயே விட்டுச் செல்வதற்கு ஒப்பாகும்.

ஆய்வு மாணவர் கருவிகளைச் செப்பனிடுவதிலேயே காலம் கழித்துவிடக் கூடாது என்று நெறியாளர்கள் அஞ்சுவது நியாயமே. மூன்று நாள் அமைவுக் கோப்புகளோடு மல்லாடிவிட்டு ஒரு பத்தியும் எழுதாதவர்கள் எல்லா ஆய்வகங்களிலும் உண்டு. இங்கே வேண்டுவது அதுவன்று. ஒரு மணி நேரம் போதும். பெரும்பாலான முனைவர் பட்டத் திட்டங்களில் முதலாண்டில் ஆய்வு முறையியல் பாடம் இருக்கிறது. மேற்கோள் முறையும் புள்ளியியலும் கற்பிக்கப்படும் அதே வகுப்பில், ஓடும் திருத்தியுடன் கிளையண்ட் வழியாக இணைவதையும், இணைப்பை வேண்டுமென்றே அறுத்துவிட்டு மீண்டும் இணைவதையும், வேலை முடிந்ததும் சர்வரை நிறுத்துவதையும் மாணவர்கள் தாமே ஒருமுறை செய்து பார்க்கட்டும். எந்தத் திருத்தி என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். சர்வர் எங்கே ஓடுகிறது, அதனிடம் யார் பேசலாம், அதை எப்படி நிறுத்துவது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லத் தெரிந்த பிறகே பகிர்வுக் கணினியில் கணக்குத் தரலாம்.