பறக்குதுல்ல, அப்ப டிரோன்தான்

தண்ணீர் வற்றிய ஏரிக்குள் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நாங்கள் ஐந்தாறு பேர் கூடுவோம். ஒருவர் ஓய்வுபெற்ற ஃபிட்டர், ஒருவர் பல் டாக்டர், ஒருவன் பதினோராம் வகுப்புப் பையன். போன வருஷம் ஒரு நாள் கான்ஸ்டபிள் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். பையன் விட்டுக்கொண்டிருந்தது தெர்மாகோல் அட்டையை வெட்டி ஒட்டிய விமானம். கேமராகூடக் கிடையாது.

“இது டிரோன்தானே? பர்மிஷன் இருக்கா?”

“தெர்மாகோல் பிளேன் சார்.”

“பறக்குதுல்ல? அப்ப டிரோன்தான்.”

ரிமோட் ஸ்டேஷனுக்குப் போனது. மதியம் எஸ்.ஐ. சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் சிரிக்காமல் இருந்திருந்தால்? 2025 செப்டம்பரில் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட சிவில் டிரோன் மசோதா வரைவைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது இந்தக் கேள்விதான்.

பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2014 அக்டோபரில் ஒரு பக்க அறிவிப்பில் டிரோன் பறப்பதையே நிறுத்தினார்கள். நான்கு வருஷம் கழித்து விதிகள் வந்தன. படிவத்துக்கு மேல் படிவம். 2021 ஆகஸ்டில்தான் யாரோ புத்தியோடு உட்கார்ந்து எழுதினார்கள். இருபத்தைந்து படிவம் ஐந்தாகக் குறைந்தது. 250 கிராம் வரையிலான நானோவுக்கும், வியாபாரத்துக்கு அல்லாமல் பறக்கும் இரண்டு கிலோ வரையிலான மைக்ரோவுக்கும் பைலட் சான்றிதழ் வேண்டாம். முக்கியமாக, படிப்புக்கும் பொழுதுபோக்குக்கும் கண்ணெதிரே பறக்கவிடும் 25 கிலோவுக்கு உட்பட்ட மாடல்களுக்கு வகைச் சான்று தேவையில்லை என்றார்கள். வீட்டு மேஜையில் சால்டரிங் அயர்னோடு உட்காருகிறவன் ஒரு தொழிற்சாலை அல்ல என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட ஒரே இடம் அது. அபராதத்துக்கும் ஒரு லட்சம் ரூபாய் என்று உச்சவரம்பு இருந்தது.

புதிய வரைவு சிறைத் தண்டனை வரை போகிறது. சோதனை போடவும் பொருளைக் கைப்பற்றவும் போலீசுக்கு அதிகாரம் தருகிறது. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். நஷ்ட ஈட்டு வழக்கு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும். இதற்குக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்குக் கொடுத்த அவகாசம் ஏறக்குறைய இரண்டு வாரம். எங்கள் ஏரியில் ஒரு மோட்டாருக்கு ஆர்டர் போட்டால் வந்து சேரவே அதைவிட அதிக நாளாகும்.

இங்கே என் ஆட்களையும் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். வரைவு வந்ததும் “சுதந்திரம் போச்சு” என்று கூப்பாடு போட்டவர்களில் பாதிப் பேர் தேர்த்திருவிழாக் கூட்டத்துக்கு மேலே பறக்கவிட்டு வீடியோ எடுத்தவர்கள். சுழலும் கார்பன் பிளேடு கன்னத்தைக் கிழித்தால் தையல்தான். 400 அடி உச்சவரம்பை நான் ஏற்கிறேன். பதிவு எண்ணை ஏற்கிறேன். விமான நிலையப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். காப்பீடுகூட நியாயம்தான். ஆனால் கழகம் வழியாக மொத்தமாக எடுக்க வழி சொல்லுங்கள். தனி ஆளாகப் போய் எண்ணூறு ரூபாய் தெர்மாகோல் விமானத்துக்கு பாலிசி கேட்டால் ஏஜென்ட் முகத்தைப் பார்க்கணுமே!

அமெரிக்காவிலும் பொழுதுபோக்குக்காரர்கள் பதிவு செய்கிறார்கள். 5 டாலர், மூன்று வருஷத்துக்கு. இணையத்தில் இலவசமாக ஒரு பாதுகாப்புத் தேர்வு. மாடல் விமானக் கழகங்களின் மைதானங்களைத் தனியாக அங்கீகரிக்கிறார்கள். அங்கேயும் சண்டை உண்டு, புலம்பல் உண்டு. இருந்தாலும் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவன் என்று ஒருவன் இருக்கிறான் என்பது சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

இங்கே அவன் கண்ணிலேயே படுவதில்லை. 2030-க்குள் இந்தியா உலக டிரோன் மையமாகும் என்கிறார்கள். உற்பத்தி ஊக்கத்தொகை 120 கோடி ஒதுக்கினார்கள். 15,000 மகளிர் குழுக்களுக்கு டிரோன் தரும் திட்டம் இருக்கிறது. நல்லது. அதையெல்லாம் செய்யப்போகிற இன்ஜினீயர் எங்கிருந்து வருவான்? குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழுவுக்கு 2018-இல் நடிகர் அஜித் ஆலோசகரானார். சினிமாக்காரரை எதற்குக் கூப்பிட்டார்கள்? அவர் வருஷக்கணக்காக மாடல் விமானம் விட்டவர், அதனால்தான். அவர் விட்டால் பேட்டி, எங்கள் பையன் விட்டால் ஸ்டேஷன் என்றால் எப்படி?

நான் கேட்பது பெரிய சலுகை இல்லை. 2021-இன் அந்த மாடல் விலக்கைச் சட்டத்தின் வாசகத்திலேயே எழுதுங்கள். நாளைக்கு ஓர் அறிவிக்கையில் தருகிறோம் என்று தள்ளாதீர்கள். யாருக்கும் காயமோ சேதமோ இல்லாத முதல் தவறுக்கு எச்சரிக்கை போதும், ஜெயில் வேண்டாம். கைப்பற்றும் அதிகாரம், எது டிரோன் எது தெர்மாகோல் என்று தெரிந்த அதிகாரியிடம் இருக்கட்டும். அந்தக் கான்ஸ்டபிள் மேல் எனக்குக் கோபமே இல்லை, யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

வரைவுச் செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டுப் பையனின் அம்மா போன் செய்தார். “அண்ணே, கேஸ் கீஸ் ஆயிருமா? அடுத்த வருஷம் பிளஸ் டூ முடிச்சு காலேஜ் சேரணும்ணே.” ஆகாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ரிமோட் இப்போது அவர்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. பேட்டரியை மட்டும் பாதி சார்ஜில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், இல்லாவிட்டால் உப்பிவிடும்.