குளம் கட்டில் தொடங்குவதில்லை



ஞாயிற்றுக்கிழமை சிரமதானத்துக்கு வந்த அனைவருக்கும் முதலில் நன்றி. கமக்கார அமைப்பும், குளப் பாதுகாப்புக் குழுவும், வாலிபர்களும் இறங்கி சல்வீனியாவை அள்ளினார்கள். கட்டில் முளைத்த பற்றைகளை வெட்டினார்கள். உம்மாமார் பிளேன்டீயும் ரொட்டியும் அனுப்பினார்கள். அல்லாஹ் எல்லோருக்கும் நற்கூலி தரட்டும்.

ஆனால் ஒன்றைப் பேசியே ஆக வேண்டும். எத்தனை தடவை அள்ளினாலும் சல்வீனியா திரும்பி வருகிறது. குளமும் வருடா வருடம் மேடாகிறது. காரணம், நம் காவல் முழுக்க கட்டில் இருக்கிறது; குளத்துக்குக் கெடுதி வருவதோ மேலேயிருந்து.

நமது அனுராதபுர மாவட்டத்தில் பெரும்பாலான சிறிய குளங்கள் தனியாக இல்லை. மேல் குளத்தின் வான் பாயும் தண்ணீரும், அதன் வயலில் வடிகிற தண்ணீரும் அடுத்த குளத்துக்கு வரும். அங்கிருந்து அதற்கடுத்த குளத்துக்குப் போகும். சிங்களத்தில் இதை 'எல்லங்காவ' என்பார்கள். இந்தக் குளத் தொகுதி முறையை 2017 இல் ஐ.நா. உணவு விவசாய அமைப்பு உலக விவசாய மரபுரிமையாக ஏற்றது. உலகம் மதிக்கிற இந்த அமைப்பின் ஒரு கண்ணியில்தான் நாம் குடியிருக்கிறோம்.

முன்னோர் குளத்தைக் கட்டியதோடு விடவில்லை. குளத்தின் மேல்பக்கம் 'கஸ்கொம்மன' என்ற மரச்சோலையை விட்டார்கள். அது காற்றைத் தடுத்து, தண்ணீர் ஆவியாவதைக் குறைத்தது. அதையொட்டி 'பெரஹன' என்ற புல்தரை இருந்தது. பெயரே வடிகட்டி, ஓடி வரும் மண்ணை அது பிடித்து வைத்தது. கட்டுக்கும் வயலுக்கும் நடுவே 'கட்டகடுவ'. அங்கிருந்த மருதும் மற்ற மரங்களும் உப்புத்தன்மை வயலுக்குப் போகாமல் தடுத்தன.

இன்று நம் குளத்தின் மேல்பக்கம் போய்ப் பாருங்கள். புல்தரை இருந்த இடத்தில் வேலி. மரம் இருந்த இடத்தில் சேனை. ஒரு பக்கம் கிரவல் வெட்டிய குழி. மழை பெய்தால் மண்ணும், பசளையும், களைநாசினியும் நேராகக் குளத்துக்குள். அந்தப் பசளையைத் தின்றுதான் சல்வீனியா கொழுக்கிறது.

"பெக்கோ போட்டு ஆழமாக்கினால் சரி" என்று சிலர் சொல்கிறார்கள். மடை மட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீரை மாடு குடிக்கலாம், வயலுக்கு ஏறாது. தோண்டிய மண்ணை ஓரத்தில் குவித்தால் அடுத்த மாரியில் அதே மண் உள்ளே வரும். மேலே வடிகட்டி இல்லாமல் கீழே தோண்டுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

"மேலே இருப்பது சிங்களக் கிராமம், நாம் என்ன செய்ய?" என்பது அடுத்த கேள்வி. அவர்களுடைய குளம் உடைந்தால் வெள்ளம் நமக்கு. நாம் மண்ணையும் மருந்தையும் கீழே விட்டால் பாதிப்பு நமக்குக் கீழுள்ள ஊருக்கு. தண்ணீருக்கு ஊர் எல்லை தெரியாது. ரம்பேவ பக்கம் கபிரிக்கமவில் ஐ.யூ.சீ.என். அமைப்பும் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் ஊர் மக்களும் சேர்ந்து வேலை செய்தபோது, ஒரு குளத்தை மட்டும் எடுக்கவில்லை. தொகுதி முழுவதையும் எடுத்தார்கள். நம் மாவட்டத்திலேயே நடந்த வேலை இது.

நாம் கேட்பது மூன்று.

ஒன்று: பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னர், மேல் ஊர், கீழ் ஊர் கமக்கார அமைப்புகளை அழைத்து ஒரு கூட்டுக் குழு அமைப்போம். பன்சலையிலோ பள்ளிவாசலிலோ, எங்கே கூடினாலும் நல்லதுதான்.

இரண்டு: கமநல சேவை நிலையத்தில் விண்ணப்பித்து குள எல்லையை அளந்து கல் நாட்டுவோம். உள்ளே பயிர் செய்பவர்களில் நம் சொந்தக்காரரும் உண்டு, வேறு காணி இல்லாத ஏழைகளும் உண்டு. ஏழைகளுக்கு மாற்றுவழி பேசுவோம். வசதியுள்ளவர் வேலியை எடுக்கட்டும். முகம் பார்த்து எல்லை போட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

மூன்று: அடுத்த சிரமதானத்தைக் கட்டில் வைக்காமல் மேல்பக்கம் வைப்போம். மாரி தொடங்கும்போது மருதும் இலுப்பையும் நட்டால் வேர் பிடிக்கும். நாற்றுகளை வளர்க்கிற பொறுப்பைப் பாடசாலைப் பிள்ளைகளிடம் கொடுப்போம்.

கிணறு வெட்டிக் கொடுப்பதை ஸதக்கத்துல் ஜாரியா என்று செய்கிறோம். குளம் வற்றினால் அந்தக் கிணற்றிலும் தண்ணீர் இறங்கிவிடும். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் பத்து நிமிடம் நின்று இதைப் பேசுவோம். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் கட்டாயம் வாருங்கள்.