சுவரோடு சுவராக ஓர் அலமாரி: மறைக்கலாம்... ஆனால் அடைத்துவிடலாமா?

ஹாலிலிருந்து பெட்ரூமுக்குப் போகும் பாசேஜில், ஒரு பக்கம் சுவர் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். பல ஃப்ளாட்களில் அந்த இடம் துடைப்பம், பழைய பேப்பர் கட்டு, சூட்கேஸ், இஸ்திரி மேசை என்று எதெதற்கோ போக்கிடம். விருந்தாளி வந்தால் அதன் முன்னால் ஒரு கர்ட்டன் தொங்கும். இப்போது அதையே சுவரோடு சுவராகத் தெரியும் மறைவு அலமாரியாக மாற்றும் வீடியோக்கள் ரீல்ஸில் வரிசைகட்டுகின்றன. கைப்பிடி கிடையாது, விளிம்பு தெரியாது, அழுத்தினால் கதவு திறக்கும்.

யோசனை நல்லதுதான். ஆனால், ரீல்ஸில் ‘எப்படி மறைப்பது’ என்பது மட்டும்தான் வருகிறது. எதை மறைக்கலாம், எதை மறைக்கவே கூடாது என்பதுதான் முக்கியமான கேள்வி.

இந்த இடம் எப்படி உருவாகிறது?

பெரும்பாலும் திட்டமிட்டு விடுவதில்லை. அடுக்குமாடிக் கட்டிடத்தின் எடையைத் தாங்குவது தூண்கள். உள்சுவர் நாலரை அங்குலம் என்றால், தூண் 9 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும். அதனால் தூண் துருத்திக்கொண்டு நிற்க, பக்கத்தில் ஓர் இடுக்கு உருவாகிறது. பாத்ரூம் குழாய்கள் போகும் ஷாஃப்ட்டை ஒட்டியும் இப்படி இடம் மிஞ்சும்.

சுவருக்குள் பொருள் வைப்பது நமக்குப் புதிதல்ல. விளக்குக்கு மாடம், பாத்திரத்துக்குப் பரண், சுவரிலேயே கடப்பா கல் பதித்த அலமாரி என்று பழைய வீடுகள் ஓர் அடி இடத்தைக்கூட வீணாக்கவில்லை. கனமான சுவர்கள் போய் மெல்லிய சுவர்கள் வந்தபோது அந்த வசதியும் போய்விட்டது.

சும்மா கிடக்கும் இடமா?

இல்லை, காசு கொடுத்து வாங்கிய இடம். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, வெளிச்சுவர், ஷாஃப்ட், பால்கனி, மொட்டை மாடி தவிர்த்து வீட்டுக்குள் புழங்கும் பரப்புதான் ‘கார்பெட் ஏரியா’. பாசேஜ் இடுக்கும் அதற்குள் அடங்கும். 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்றால் நாலரை சதுர அடி. சதுர அடி 7,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 31,500 ரூபாய். 8 அடி உயரம் வரை தட்டு அடித்தால் 36 கன அடி இடம் கிடைக்கும். துடைப்பத்துக்கு மட்டும் இதைக் கொடுப்பது கட்டுப்படியாகாது.

கார்பெண்டரைக் கூப்பிடும் முன்...

முதலில் பின்சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் பாத்ரூம் என்றால் ஓதம் இருக்கும். பெயின்ட் உப்பியிருந்தால் கசிவைச் சரிசெய்த பிறகுதான் மர வேலை. இல்லையென்றால் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சையும் கரையானும் குடியேறும். மூடிய கதவுக்குள் அது நடப்பதால், தெரியவரும்போது பலகை கையோடு வந்துவிடும்.

இரண்டாவது, ‘இன்னும் நாலு இஞ்ச் உள்ளே தோண்டிக்கலாம் சார்’ என்ற பேச்சுக்குத் தலையாட்டவே கூடாது. தூணைக் கொத்துவது கட்டிடத்தின் காலைக் கொத்துவது. அலுமினிய ஃபார்ம்வொர்க் முறையில் கட்டிய புதிய கட்டிடங்களில் உள்சுவர்களே கான்கிரீட்டாக இருந்து எடையைத் தாங்குகின்றன. அங்கே இருக்கிற ஆழத்துக்குள்தான் வேலை.

ஆழம் குறைவு என்றால் கவலை வேண்டாம். 4 அங்குலத்தில் மருந்து, சாவி, பில்கள் அடங்கும். 8 அங்குலத்தில் செருப்பைச் சாய்த்து வைக்கலாம். சூட்கேஸுக்குத்தான் ஒன்றரை அடி வேண்டும்.

பிளைவுட்டில் ‘ஐ.எஸ். 303’ முத்திரை சாதாரண ரகம், ‘ஐ.எஸ். 710’ நீரைத் தாங்கும் ரகம். ஈரச் சுவரை ஒட்டிய இடத்துக்கு இரண்டாவதே சரி. அடித்தட்டைத் தரையிலிருந்து 3, 4 அங்குலம் உயர்த்தி, அந்தப் பகுதியை மட்டும் கல்லில் அமைப்பது நல்லது. தினமும் வீடு துடைக்கும் தண்ணீரில் முதலில் ஊறுவது அடிப்பலகைதான்.

கதவும் முக்கியம். 3 அடி அகலத்துக்கு ஒற்றைக் கதவு போட்டால், திறந்ததும் மொத்த பாசேஜையும் மறிக்கும். ஒன்றரை அடியில் இரண்டு கதவுகள் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. அழுத்தித் திறக்கும் ‘புஷ் லாட்ச்’ போட்டால் கைப்பிடி தேவையில்லை.

எதை உள்ளே வைக்கக் கூடாது?

பல வீடுகளில் அதே பாசேஜில்தான் இன்வெர்ட்டரும் நிற்கிறது. ‘அசிங்கமா இருக்கு, அதையும் சேர்த்து மூடிடலாம்’ என்பதுதான் இதில் மிக ஆபத்தான முடிவு. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினாலே ஒரு சிறு பொறியில் தீப்பிடிக்கலாம். காற்றுப் போகாத அலமாரியில் பேட்டரி வைப்பது வீட்டுக்குள் வெடியை வைப்பது மாதிரி. கேஸ் சிலிண்டருக்கும் இங்கே இடமில்லை. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அடியிலேயே தேங்கும்.

எம்.சி.பி. பெட்டி அங்கே இருந்தால், அதற்கெனத் தனி அறை ஒதுக்க வேண்டும். கதவில் காற்றோட்டத் துளைகள் வேண்டும், பூட்டு கூடாது, அதற்குள் வேறு பொருளும் கூடாது. ராத்திரியில் ஷாக் அடித்தாலோ புகை வந்தாலோ, வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் பிள்ளைக்கும் சுவிட்ச் எங்கே என்று தெரிய வேண்டும். சுவரோடு சுவராக மறைந்துபோன கதவை அந்த இருட்டில் யார் தேடுவது?

நகை? அதுவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கதவு பூட்டு ஆகாது. செய்துகொடுத்தவருக்கும் அவருடைய உதவியாளருக்கும் அது எங்கே திறக்கும் என்று தெரியும்.

கதவுக்கு வெளியே இருக்கும் இடம்?

ஃப்ளாட் வாசலுக்கு வெளியே, பொது காரிடாரில் உள்ள இடுக்கிலும் சிலர் அலமாரி அடித்துவிடுகிறார்கள். ‘எங்க வாசல்தானே’ என்பது வாதம். லிஃப்ட் லாபி, படிக்கட்டு, பொது வழி எல்லாமே சட்டப்படி அனைவருக்கும் பொதுவான பகுதி. தீ விபத்தின்போது மொத்த மாடியும் வெளியேறுவது அந்த வழியாகத்தான். ஒரு வீட்டின் ஷூ ரேக் இன்னொரு வீட்டின் உயிர்வழியை மறிக்கக் கூடாது. அசோசியேஷன்கள் ‘பக்கத்து வீட்டுக்காரர் சங்கடப்படுவார்’ என்று பார்த்தும் பார்க்காமல் இருப்பது பெருந்தன்மை அல்ல.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஆணி அடிக்காமல், தானாக நிற்கும் அலமாரியை அளவெடுத்து வாங்கிச் செருகலாம். காலி செய்யும்போது எடுத்துக்கொண்டு போகலாம். நிரந்தரமாகச் செய்வதென்றால் உரிமையாளரின் அனுமதி எழுத்தில் வேண்டும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் ஒப்பந்தமே எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அட்வான்ஸைத் திரும்ப வாங்கும்போது வாய்ப்பேச்சு நிற்காது.

சின்ன வீட்டில் ஓர் இடுக்கு அலமாரியாவது உண்மையிலேயே பெரிய நிம்மதி. சூட்கேஸ், செருப்பு, துடைப்பம் தாராளமாக மறையட்டும். கரன்ட், கேஸ், பேட்டரி, வெளியேறும் வழி இந்த நான்கும் கண்ணில் படும்படியே இருக்கட்டும்.