24 பீஸ் பேக்கிங் செட் வேணாம் மக்களே, ஒரே ஒரு டின் போதும்!

சம்பளம் வந்த முதல் வாரத்துல நம்ம கார்ட்ல என்னென்ன ஏறுதுன்னு போன வீடியோவுல பேசினோம். அதுல நான் சொல்லாம விட்டது என் பேக்கிங் கதை.

ரெண்டு வருஷம் முன்னாடி ரீல்ஸ் பார்த்து ஆர்வம் வந்துடுச்சு. ஓடிஜி 7,600 ரூபாய். 24 பீஸ் நான்ஸ்டிக் செட் 2,400. சிலிக்கான் மோல்டு 900. மொத்தமும் 6 மாச 'நோ காஸ்ட்' இஎம்ஐ. வட்டியைத் தள்ளுபடியா கழிச்சுட்டாங்க, ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி நம்ம தலையில. ப்ராசஸிங் ஃபீ தனி, அதுக்கும் ஜிஎஸ்டி. கூட்டிக் கழிச்சா சுமார் 11,200 ரூபாய். இதுவரைக்கும் போட்ட கேக் 14. ஒரு கேக்குக்கு 800 ரூபாய்! மைதா, வெண்ணெய், கரண்ட் பில் இன்னும் சேர்க்கலை. எங்க தெரு பேக்கரியில அரை கிலோ கேக்கே 400 தான்.

செட்டைப் பிரிச்ச அன்னிக்கே அம்மா கேட்டாங்க, "எதுக்குடா இவ்ளோ தட்டு? எனக்கு இத்தனை வருஷமா ஒரே இட்லிப் பானைதான்." அப்போ சிரிச்சேன். அவங்க பிறந்தநாளுக்கு சிலிக்கான் மோல்டுல போட்ட கேக் நடுவுல வேகாம குழியா உட்கார்ந்தப்போ சிரிப்பு வரலை.

காரணம் அப்புறம்தான் புரிஞ்சுது. சிலிக்கான் சூட்டை மெதுவாத்தான் கடத்தும். ஓரம் சிவக்காது, நடு வேக நேரம் எடுக்கும். கண்ணாடிப் பாத்திரமும் மெதுவாத்தான் சூடேறும், ஆனா வெளியே எடுத்த பிறகும் சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கும். கறுப்பு நான்ஸ்டிக் நேர்மாறு, சூட்டை வேகமா இழுத்து ஓரத்தைக் கருக்கிடும். அதுல போட்டா 10, 15 டிகிரி குறைச்சு வைங்க. சும்மா இருக்கற எவர்சில்வர் தட்டுல போடலாமேன்னா, எவர்சில்வரை விட அலுமினியம் பத்து மடங்குக்கும் மேல வேகமா சூட்டைக் கடத்தும். அதனால அலுமினிய டின்லதான் கேக் ஒரே சீரா வேகும்.

என் கருத்து: கனமான, கோட்டிங் இல்லாத அலுமினிய டின், 6 இன்ச் வட்டம், 3 இன்ச் உயரம். பாத்திரக் கடையில கையில எடுத்து விளிம்பை கட்டைவிரலால அழுத்திப் பாருங்க. வளைஞ்சா வச்சுட்டு வந்துடுங்க. நான் வாங்கினது 220 ரூபாய். பட்டர் பேப்பர் போட்டா ஒட்டவே ஒட்டாது, உரியறதுக்கு கோட்டிங்கும் இல்லை. எலுமிச்சை மாதிரி புளிப்பு சேர்ற கலவைக்கு மட்டும் பேப்பரைப் பக்கத்துலயும் சுத்திடுங்க.

சைஸ்ல ஏமாறாதீங்க. 6 இன்ச்சுக்கும் 8 இன்ச்சுக்கும் ரெண்டு இன்ச் தானேன்னு தோணும். பரப்பளவு பார்த்தா 28 சதுர இன்ச், 50 சதுர இன்ச். 6 இன்ச் ரெசிபியை 8 இன்ச்ல ஊத்தினா உயரம் கிட்டத்தட்ட பாதியாயிடும், கேக் வறண்ட ரொட்டி மாதிரி வரும். ரெசிபி சரியில்லைன்னு நாம யூடியூபரைத் திட்டிட்டு இருப்போம். (என்னையும் சேர்த்துத்தான்!)

ஓடிஜி கூட முதல் நாளே வேணாம். அடி கனமான பழைய பாத்திரத்துல உப்பு பரப்பி, ஸ்டாண்டு வச்சு, மூடி போட்டு பத்து நிமிஷம் சூடு பண்ணி, அதுக்குள்ள இந்த டின்னை இறக்குங்க. குக்கர்னா கேஸ்கட், வெயிட் ரெண்டையும் கழட்டிடுங்க, தண்ணி ஊத்தாதீங்க. பத்து கேக் தாண்டியும் ஆசை அடங்கலைன்னா அப்போ ஓடிஜிக்குக் காசு சேர்க்கலாம்.

ஆர்டர் எடுத்து விக்கறவங்க கணக்கு வேற. அவங்களுக்கும் 24 ரகம் வேணாம், ஒரே சைஸ்ல மூணு டின் இருந்தா மூணு லேயரும் ஒரே நேரத்துல தயார்.

என் செட்டுல 21 பீஸ் இன்னும் பரண் மேலதான் இருக்கு. ஒரு லோஃப் டின்ல மட்டும் அம்மா கொத்தமல்லி விதைச்சிருக்காங்க, நல்லா வந்திருக்கு. ஓடிஜி எப்போ வாங்கலாம்ங்கற கணக்கை அடுத்த வீடியோவுல போட்டுடலாம்.