கோடை போகும், குழந்தை வளரும்

பரீட்சை முடிகிறது. பள்ளிக்கூடம் மூடுகிறது. மே மாதம் 4-ந் தேதி வாக்கில் கத்திரி வெயில் தொடங்குகிறது.

பெரியவர்களுக்கு அது வெயில் காலம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டுக் காலம். கல்யாணமாகி ஐந்தாறு ஆண்டு ஆன இளம் தம்பதிகளுக்கோ, அது கவலைக் காலம்!

"லீவுக்கு எங்கே போகிறோம்?" என்று பையன் கேட்கிறான். கணவன் மனைவியின் முகத்தைப் பார்க்கிறான். மனைவி அஞ்சறைப் பெட்டியைத் தடவிப் பார்க்கிறாள். பக்கத்து வீட்டார் ஊட்டிக்குப் புறப்பட்டுவிட்டார்கள். எதிர்வீட்டார் கொடைக்கானலுக்குப் போகிறார்கள். "நம் பிள்ளைகளை மட்டும் எங்கும் அழைத்துப் போக முடியவில்லையே" என்று இருவர் மனமும் வாடுகிறது.

இந்த வாட்டம் தேவையே இல்லை.

வயதான ஒருவரிடம், "சின்ன வயதுக் கோடையில் எது நினைவில் நிற்கிறது?" என்று கேட்டுப் பார்க்கலாம். ஓட்டலில் தங்கியதை அவர் சொல்ல மாட்டார். மாமன் வீட்டுக் கிணற்றில் நீச்சல் பழகியதைச் சொல்வார். மொட்டை மாடியில் பாய் விரித்து, நட்சத்திரத்தை எண்ணிக்கொண்டே தூங்கியதைச் சொல்வார். நுங்கு தோண்டித் தின்றபின், அந்தக் காய்களில் குச்சி செருகி வண்டி ஓட்டியதைச் சொல்வார். பாட்டி வடாம் பிழிந்து காயவைத்து, காக்காய் விரட்டக் காவல் வைத்ததைச் சொல்வார். காவல் இருந்தவனே பாதி வடாத்தைத் தின்றதையும் சிரித்துக்கொண்டே சொல்வார்!

இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். பிள்ளையோடு பொழுதைக் கழித்தார். அவ்வளவுதான்.

தமிழர் போட்ட கணக்கு

குழந்தை வளர்வதைப் பார்ப்பது ஒரு பாக்கியம். இதைத் தமிழர்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள். அதற்கென்றே ஒரு வகை நூல் செய்தார்கள். அதுதான் பிள்ளைத்தமிழ்.

சோழ மன்னன் இரண்டாம் குலோத்துங்கன் மீது ஒட்டக்கூத்தர் ஒரு பிள்ளைத்தமிழ் பாடினார். அது 12-ம் நூற்றாண்டு. மதுரை மீனாட்சி அம்மன் மீது குமரகுருபரர் பாடியது 17-ம் நூற்றாண்டு. மன்னனையும் அம்மனையும் மடியில் கிடக்கும் குழந்தையாக எண்ணிப் பாடினார்கள்!

பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள் உண்டு. குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையை ஊன்றித் தலையை ஆட்டும். அது செங்கீரைப் பருவம். ஐந்தாம் மாதம் என்பார்கள். இரண்டு கைகளையும் சேர்த்துக் கொட்டும். அது சப்பாணிப் பருவம். ஒன்பதாம் மாதம் என்பார்கள். தளர்நடை போட்டு வரும் குழந்தையை, "வா, வா" என்று அழைப்பது வாருகைப் பருவம். அது ஓராண்டு நிறையும் காலம். அதன்பின் நிலாவைக் காட்டி, "அம்புலியே, இந்தக் குழந்தையோடு விளையாட வா" என்று கூப்பிடுவார்கள். நூலுக்கு நூல் மாதக் கணக்கு சிறிது மாறும். ஆனாலும், குழந்தை எந்த மாதத்தில் என்ன செய்யும் என்று கவனித்து எழுதிவைத்தார்கள் அல்லவா? அதுதான் பெருமை.

உலக சுகாதார நிறுவனமும் இதே வேலையைச் செய்தது. இந்தியா உள்பட 5 நாடுகளில் 816 குழந்தைகளைக் கவனித்தார்கள். முடிவு 2006-ம் ஆண்டில் வெளிவந்தது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது ஏறக்குறைய 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள். தானாக நடப்பது 8 மாதத்திலிருந்து 17½ மாதத்துக்குள். நூற்றுக்கு 4 குழந்தைகள் தவழாமலே எழுந்து நடந்துவிட்டன!

ஆகவே, "அடுத்த வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்தது, நம் குழந்தை நடக்கவில்லையே" என்று தாய் கண்ணீர் விடவேண்டாம். குழந்தைக்குக் குழந்தை மாறும்.

ஆனால் ஒன்று. 18 மாதம் ஆகியும் நடக்காவிட்டால் டாக்டரிடம் காட்டவேண்டும். கூப்பிட்டால் திரும்பாத குழந்தையையும், ஒரு வயதாகியும் மழலை பேசாத குழந்தையையும் உடனே காட்டவேண்டும். "அவன் அப்பனும் மெதுவாகத்தான் பேசினான்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். காது கேளாத குறையாகவும் இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் குழந்தைக்குப் பேச்சு வரும். காலம் கடத்தினால் கஷ்டம். பிறந்த குழந்தை முதல் 18 வயதுவரை உள்ளவர்களைச் சோதித்து, இலவசமாகச் சிகிச்சைக்கு அனுப்பும் திட்டத்தை அரசாங்கம் 2013-ம் ஆண்டில் தொடங்கியது. அங்கன்வாடியில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

கைக்குழந்தைக்குத் தண்ணீர்

கோடையில் கைக்குழந்தை சிணுங்கும். "பாவம், தொண்டை காயும். ஒரு சங்கு தண்ணீர் கொடு" என்று பாட்டி சொல்வார். பாட்டியின் பாசத்தில் குறை இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

ஆறு மாதம்வரை தாய்ப்பால் ஒன்றே போதும். எவ்வளவு வெயிலானாலும் போதும். காரணம், தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான்! தனியாகக் கொடுக்கும் தண்ணீர் குழந்தையின் சிறிய வயிற்றை நிரப்பிவிடும். பால் குடிப்பது குறையும். தண்ணீர் சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வரும். தண்ணீர் வேண்டியது தாய்க்குத்தான். அவள் நிறையக் குடிக்கட்டும். குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுக்கட்டும்.

தேனைத் தொட்டு நாக்கில் வைப்பதும் ஒரு வயதுவரை கூடாது. தேனில் உள்ள ஒருவகைக் கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் விஷத்தை உண்டாக்கலாம்.

அரை டிக்கெட்

கோடையில்தான் குடும்பம் ரெயில் ஏறுகிறது. தாத்தா ஊருக்குப் பயணம். பையனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. இனி அவனுக்கும் டிக்கெட் வேண்டும். தனிப் படுக்கை கேட்காவிட்டால் அரை டிக்கெட்.

ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? "யாராவது கேட்டால் நாலு வயது என்று சொல்" என்று அப்பா சொல்லிக்கொடுக்கிறார். டிக்கெட் பரிசோதகர் வருகிறார். "தம்பி, உனக்கு என்ன வயது?" என்று கேட்கிறார். "அஞ்சு முடிஞ்சாச்சு! எங்க அப்பாதான் நாலுன்னு சொல்லச் சொன்னாரு!" என்று பையன் கணீரென்று சொல்கிறான். பெட்டி முழுவதும் சிரிக்கிறது. அப்பாவின் முகம் தொங்கிப்போகிறது. அம்மா பையனின் தொடையில் கிள்ளுகிறாள்.

அந்தப் பையன் செய்த தவறு என்ன? உண்மையைச் சொன்னான். அதற்குக் கிடைத்தது கிள்ளு!

ஐந்து வயது என்பது பிள்ளைக்குப் பெரிய பதவி. தன் பெயரில் ஒரு டிக்கெட் என்பது பெருமை. அந்தப் பெருமையைச் சில ரூபாய்க்காகப் பறிக்கக் கூடாது. டிக்கெட்டை வாங்கி அவன் கையிலேயே கொடுக்கவேண்டும். பரிசோதகர் வரும்போது அவனே நீட்டட்டும். அந்த ரெயில் பயணத்தை அவன் சாகும்வரை மறக்கமாட்டான்.

ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம். அந்தக் காலத்தில், வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் வாத்தியார் சேர்த்துக்கொள்வார். இப்போது பிறப்புச் சான்றிதழ் வேண்டும். 2023 அக்டோபர் 1-ந் தேதியும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு, பள்ளியில் சேரும்போது பிறந்த தேதியைக் காட்டும் சான்று அதுதான் என்று சட்டமே சொல்கிறது. சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று விடுமுறையிலேயே பார்த்து வைப்பது நல்லது.

கடன் வாங்கிக் காது குத்தவேண்டாம்

மொட்டை போடுவதும், காது குத்துவதும் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான். குலதெய்வம் கோவிலில் சொந்தம் எல்லாம் சேருகிறது. தாய்மாமன் மடியில் குழந்தை உட்காருகிறது. காதில் ஊசி பட்டதும் வீறிட்டு அழுகிறது. மாமன் வாயில் சர்க்கரையைப் போட்டுச் சமாதானம் செய்கிறான். நல்ல காட்சி.

ஆனால், பந்தலும் பிளெக்ஸ் பலகையும் ஆயிரம் பேர் சாப்பாடும் இல்லாவிட்டால் கௌரவம் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வட்டிக்கு வாங்குகிறார்கள். மொய்ப் பணம் வரும் என்று நம்புகிறார்கள். மொய்யும் கடன்தானே? அடுத்த ஆண்டு அதைத் திருப்பிச் செய்யவேண்டும்.

குழந்தையின் காதில் கம்மல் ஏறுகிறது. தாயின் காதுக் கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது! இதற்குப் பெயர் கௌரவம் அல்ல. பொங்கல் வைத்து, நெருங்கிய சொந்தத்தோடு சாப்பிட்டாலும் தெய்வம் ஏற்றுக்கொள்ளும்.

கிணற்றடியில் கவனம்

கோடையில் நீச்சல் பழகுவது இன்பம். முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, தண்ணீரில் இறக்கிப் பழக்கினார்கள் முன்னோர்கள். அப்போது கிணற்றுக்குள் ஒரு பெரியவரும் இறங்கியிருந்தார் என்பதை மறக்கக் கூடாது.

இன்று, பட்டணத்தில் வளர்ந்த பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார்கள். ஏரியில் மண் எடுத்த பள்ளம் அவர்களுக்குத் தெரியாது. ஒருவன் வழுக்கி விழுவான். காப்பாற்ற இன்னொருவன் குதிப்பான். இருவரும் போவார்கள். ஒவ்வொரு கோடையிலும் இப்படிச் செய்திகள் வருகின்றன. எந்தத் தாயும் இதைப் படிக்க வேண்டியவள் அல்ல.

நீந்தத் தெரிந்த பெரியவர் கூட இல்லாமல் எந்தப் பிள்ளையும் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. தவழும் குழந்தைக்குக் குளம் வேண்டாம். குளியலறை வாளியே ஆபத்து. தலைகுப்புற விழுந்தால் அதற்கு எழத் தெரியாது. சத்தமும் கேட்காது. குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்துவிடவேண்டும். ஒரு நொடி வேலை. ஓர் உயிர் பிழைக்கும்.

அம்மாவுக்கு லீவு உண்டா?

பள்ளிக்கூடத்துக்கு லீவு. ஆபீசுக்கும் சில நாள் லீவு. அடுப்புக்கு மட்டும் லீவு இல்லை! பிள்ளைகள் வீட்டில் இருந்தால் நாலு வேளையும் பசிக்கிறது. விருந்தாளிகளும் வருகிறார்கள். வெயிலில் அடுப்படியில் நிற்பவள் ஒருத்திதான்.

குழந்தை முதல் அடி எடுத்துவைத்த நேரத்தில் தாய் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள் என்றால், அந்த நேரம் திரும்ப வருமா? தகப்பன் செல்போனில் மூழ்கியிருந்தான் என்றால், அதற்கு யார் பொறுப்பு?

கணவன் பாத்திரம் தேய்த்தால் கை தேய்ந்துவிடாது. ஐந்து வயதுப் பையன் தட்டுகளை எடுத்துவைப்பான். பாட்டி மோர் கடைவார். வேலை பகிர்ந்தால், மாலையில் எல்லோரும் திண்ணையில் ஒன்றாக உட்காரலாம். அந்த ஒரு மணி நேரம்தான் விடுமுறை.

ஒரு நோட்டு போதும்

இன்று எல்லா வீட்டிலும் போட்டோ எடுக்கிறார்கள். செல்போனில் ஆயிரம் படம் இருக்கிறது. போன் தண்ணீரில் விழுந்தால் ஆயிரமும் போய்விடுகிறது. எந்தப் படம் எந்த நாள் என்பதும் மறந்துவிடுகிறது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி போட்டு ஒரு வரி எழுதவேண்டும். "இன்று பாப்பா தானாக நின்றது." "இன்று தம்பிக்கு முதல் பல் விழுந்தது." "இன்று ரெயிலில் அரை டிக்கெட்." இவ்வளவுதான். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. அம்மாவின் கையெழுத்து என்பதே அதன் மதிப்பு.

அதே நோட்டில் தடுப்பூசிக் கணக்கும் இருக்கட்டும். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. 16 மாதத்துக்கு மேல், 24 மாதத்துக்குள் இரண்டாவது முறை. 5 வயதில் மறுபடியும் ஓர் ஊசி. விடுமுறைக்கு ஊருக்குப் போன அவசரத்தில் தேதி தவறிவிடுகிறது. நோட்டில் இருந்தால் தவறாது.

கதவு நிலையில் பிள்ளையை நிறுத்தி, தலை உயரத்துக்கு ஒரு பென்சில் கோடு போடவேண்டும். பிறக்கும்போது குழந்தை சுமார் 50 சென்டிமீட்டர். முதல் ஆண்டில் மட்டும் 25 சென்டிமீட்டர் வளர்கிறது! அதன்பின் வேகம் குறையும். அடுத்த கோடையில் அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள இடம்தான், அந்தக் குடும்பம் வாழ்ந்த ஓர் ஆண்டு.

ஊட்டி அங்கேயேதான் இருக்கும். பணம் சேரும்போது போய்க்கொள்ளலாம். பதினொரு மாதக் குழந்தை அடுத்த கோடையில் பதினொரு மாதக் குழந்தையாக இருக்காது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில் இருக்கும் நாள். அந்த நோட்டில் முதல் வரியை எழுத இன்றைக்கே உட்காரலாம்.