முழங்கைக்கு அடியில் மூன்றடி

ராத்திரி இரண்டு மணி. “ஆ... அம்மா!” என்று காதருகே ஓர் அலறல். திருடன்தான் என்று முடிவு கட்டி, பதறியடித்து எழுந்திருக்க முழங்கையை நன்றாக ஊன்றினேன். முன்னதைவிடப் பெரிதாக இரண்டாவது அலறல். விளக்கைப் போட்டுப் பார்த்தால், திருடன் யாரும் இல்லை. குற்றவாளி என் முழங்கை. அதற்கு அடியில் மனைவியின் கூந்தல்.

“எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி கையை எடுக்கணும்னு தோணலையா உங்களுக்கு?”

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, இல்லையா என்று நக்கீரர் சிவபெருமானோடு மல்லுக்கு நின்ற கதை எல்லோருக்கும் தெரியும். 1965-ல் வந்த ‘திருவிளையாடல்’ புண்ணியத்தில் நெற்றிக்கண் வரைக்கும் மனப்பாடம். ஆனால் அந்தக் கூந்தலை ராத்திரி எங்கே வைப்பது, பக்கத்தில் படுத்திருப்பவன் முழங்கையை எங்கே வைப்பது என்று அந்தச் சபையில் ஒரு புலவர்கூடக் கேட்கவில்லை. நக்கீரருக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம்.

கல்யாணமாகி நாலு வருஷமாக இதே கட்டில், இதே முழங்கை. இத்தனை நாள் வராத பிரச்னை அன்றைக்கு ஏன் வந்தது? காரணம் இதுதான். தினமும் படுக்கப் போகுமுன் அவள் தலையைத் தளர்வாகப் பின்னிக்கொள்வாள். அது நடக்கிறதென்றே நான் கவனித்ததில்லை. அன்று காலை துணி துவைக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு கையால் தோசை வார்க்கலாம், பல் தேய்க்கலாம், புருஷனைத் திட்டலாம். பின்னல் மட்டும் போட முடியாது.

மூன்று ராத்திரி தலைவிரி கோலமாகத் தூங்கினாள். நாலாம் நாள் காலை பார்த்தால், தலையில் தேங்காய் நார் மாதிரி சிக்கு. இடது கையால் அவள் சீப்பை இழுக்க இழுக்க, தரையெல்லாம் முடி. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எதிர்வீட்டு மாமி வழி சொன்னார். “பார்லர்ல போய்த் தோள் வரைக்கும் வெட்டிடும்மா. கை சரியானப்புறம் தானா வளர்ந்துட்டுப் போறது!”

“சரி மாமி, ஞாயித்துக்கிழமை போயிடறேன்” என்றாள் மனைவி. கொஞ்சம் அதிக வேகமாகவே சொன்னாள்.

எனக்கு நிம்மதி. அவளை ஆறுதல்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, எனக்குள் இருந்த பி.காம்-ஐ எழுப்பிவிட்டேன். “இதோ பாரு, முடிங்கிறது தேய்மானச் சொத்து. மாசத்துக்கு ஒண்ணேகால் சென்டிமீட்டர்னு வெச்சுக்க. வருஷத்துக்குப் பதினைஞ்சு சென்டிமீட்டர், அதாவது அரை அடி. உனக்கு மூணடி இருக்கு. அப்படின்னா நுனிக்கு வயசு ஆறு! நமக்குக் கல்யாணமாகி நாலுதான். ஆக, நுனியில ஓர் அடி நீ பொறந்த வீட்டுலேர்ந்து கொண்டுவந்த சீதனம்!”

நானே சிரித்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு ஏதோ கணக்குப் போட்டாள்.

“அம்மா போய் மூணு வருஷம். அப்போ கீழ இருக்கிற ஒன்றரை அடி அம்மா பின்னினது.”

அந்த வாக்கியத்துக்குப் பதில் எந்தப் பேரேட்டிலும் இல்லை.

என் மாமியார் அடுத்த தெருவில்தான் இருந்தார். கல்யாணத்துக்கு அப்புறமும் ராத்திரி ஒரு நடை வந்துவிட்டுப் போவார். அவர் நாற்காலியில் உட்கார, இவள் தரையில் உட்கார, டி.வி. சீரியல் முடிவதற்குள் பின்னல் முடிந்திருக்கும். அம்மாவும் பெண்ணும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். நான் அதை சீரியல் பார்க்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பார்லர் என்ற பேச்சை இருவருமே எடுக்கவில்லை. அன்றிரவு சீப்பை நான் எடுத்தேன்.

வாசக நண்பர்களே, சீப்பு என்பது நம்மைப் போன்றவர்கள் சட்டைப்பையில் வைத்திருந்து, பஸ் கண்ணாடியைப் பார்த்து இரண்டு இழுப்பு இழுக்கிற வஸ்து. மூன்றடிக் கூந்தல் வேறு இலாகா. உச்சியில் வைத்து நேராகக் கீழே இழுத்தேன். மூன்றாவது அலறல்.

முதல் பாடம் அதில் கிடைத்தது. சிக்கை நுனியிலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும். மேலிருந்து வந்தால் எல்லாச் சிக்கும் கீழே போய் ஒரே முடிச்சாகிவிடும். பல் அகலமான சீப்பு உத்தமம்.

இதற்குள் ஒரு விஷயம் இருக்கிறது. தலைக்கு வெளியே நீண்டிருக்கும் முடியில் உயிர் கிடையாது. கையில் கீறினால் ஆறும். முடியில் கீறினால் கீறினதுதான். பூதக்கண்ணாடிக்கும் மேலான கருவியில் பார்த்தால், அதன் மேல்பக்கம் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி செதில் செதிலாக, ஒன்றின் மேல் ஒன்று படிந்து நுனியைப் பார்த்து இருக்கும். பருத்தித் தலையணை உறையில் ராத்திரி பூரா புரண்டால் அந்த ஓடுகள் பெயரும். பெயர்ந்த இடத்தில் முடி பிளந்து ஒடியும். ஆறு வயது நுனி என்றால் இரண்டாயிரம் ராத்திரிகளுக்கு மேல் தலையணையைப் பார்த்த நுனி. அதற்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்க வேண்டாமா?

“தினம் இவ்வளவு கொட்டுதே!” என்று அவள் கலங்கியதற்கும் ஒரு கணக்கு உண்டு. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. தினமும் ஐம்பதிலிருந்து நூறு வரை உதிர்வது இயற்கை. உதிர்ந்த முடியின் ஒரு முனையில் குட்டி வெள்ளைக் குமிழ் இருந்தால், அது பெரும்பாலும் காலம் முடிந்து ரிட்டயரான முடி. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாகக் கிடந்தால், ஒடிந்த முடி. அதற்குத்தான் நாம் பொறுப்பு. இருவரும் தரையில் உட்கார்ந்து ஆடிட் செய்தோம். பாதிக்கு மேல் துண்டு.

அடுத்தது பின்னல். மூன்று கால் பிரிக்க வேண்டும் என்றாள். பிரித்தேன். அவிழக் கூடாதே என்று சாக்கு மூட்டை கட்டுகிற மாதிரி இழுத்துக் கட்டினேன். அவள் புருவம் இரண்டும் மேலே ஏறி, தூக்கத்தில்கூட எதையோ பார்த்து ஆச்சரியப்பட்ட முகமாகவே இருந்தாள். அதுவும் தப்பு. இறுக்கிப் பின்னினால் வேர் இழுபடும். தினமும் இழுபட்டால் நெற்றியோரத்து முடி மெல்லக் கழன்று போகும். ராத்திரிப் பின்னல் தொளதொளவென்றுதான் இருக்க வேண்டும். காலையில் பாதி அவிழ்ந்திருந்தால் பரவாயில்லை, நாம் என்ன கல்யாணத்துக்கா போகிறோம்?

மூன்றாவது, ரப்பர் பேண்ட். கழற்றும்போது ஐந்து முடியைக் கமிஷனாக எடுத்துக்கொள்கிற தரகன் அது. துணி சுற்றிய பேண்டோ, பழைய ரிப்பனோ போதும்.

நான்காவது, ஈரத் தலையோடு படுக்கக் கூடாது. சளி பிடிக்கும் என்பது பாட்டி சொல்லும் காரணம். முடியைப் பொறுத்தவரை காரணம் வேறு. ஈரமான முடி அதிகம் நீளும், பலம் குறையும், அந்த நிலையில் உரசினால் சுலபமாக ஒடியும். ஆபீஸ் விட்டு வந்து ராத்திரி எட்டரைக்குத் தலைக்குக் குளிப்பவர்கள் கவனிக்கவும்.

ஐந்தாவது, தலையணை உறை. வழவழப்பான துணியில் உரசல் குறைவு. பட்டுக்கு பட்ஜெட் இடம் கொடுக்காததால், சாட்டின் துணி ஒரு மீட்டர் வாங்கித் தைத்தேன். இரண்டுக்கும் போடலாமே என்று என் தலையணைக்கும் போட்டுக்கொண்டது என் பேராசை. எண்ணெய் வைத்த என் தலை அதில் நிற்காமல், ராத்திரி இரண்டு முறை வழுக்கித் தரைக்கு வந்தது. முழங்கைக்கு அது சரியான தண்டனை என்று தீர்ப்பு வந்தது.

எண்ணெய் விஷயத்தில் பாட்டி கட்சி ஜெயித்தது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், முடிக்குள் புரதம் வீணாகாமல் தடுத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். (ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கிற கம்பெனிக்காரர்கள். பி.காம் படித்தவன் இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.) நுனிக்குக் கொஞ்சம் தடவினால் போதும். பொடுகு இருப்பவர்கள் மண்டையில் வழிய வழிய ஊற்றிக்கொண்டு படுத்தால், பொடுகுக்குத்தான் விருந்து.

இதெல்லாம் பெண்கள் சமாசாரம் என்று பக்கத்தைத் திருப்பப் போகிற தம்பிகளே, கொஞ்சம் நில்லுங்கள். இன்றைக்கு பஸ்ஸில் பத்துப் பையன்கள் நின்றால் இரண்டு பேர் தலையில் கொண்டை. அதே முடி, அதே செதில், அதே தலையணை. கொண்டையை இறுக்கி முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டுத் தூங்கிவிட்டு, “மாப்ளே, முன்னாடி ஏறிடுச்சுடா” என்று அழாதீர்கள்.

2023-ல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஸ்மிதா ஸ்ரீவாஸ்தவா 236.22 சென்டிமீட்டர் கூந்தலோடு கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். ஏழடி ஒன்பது அங்குலம்! அது அபூர்வம். பொதுவாக ஒரு முடி இரண்டிலிருந்து ஆறு வருஷம் வரைதான் வளரும். பிறகு தானே விழுந்து, அந்த இடத்தில் புதிது முளைக்கும். ஆகவே, மாமியார் பின்னிய அந்த ஒன்றரை அடி என்றைக்கும் இருக்கப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும். அது போகிறபோது தன் காலத்தில் போகட்டும்; என் முழங்கையால் போக வேண்டாம். நான் எடுத்துக்கொண்ட பொறுப்பு அவ்வளவுதான்.

ஆறு வாரம் தினமும் பின்னினேன். முதல் வாரம் முக்கால் மணி நேரம். கடைசி வாரம் பத்து நிமிஷம். “அம்மா வகிடு இவ்வளவு கோணலா எடுக்க மாட்டாங்க” என்பதுதான் எனக்குக் கிடைத்த அதிகபட்சப் பாராட்டு.

போன வியாழக்கிழமை கட்டுப் பிரித்தாயிற்று. டாக்டர் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, “எல்லா வேலையும் செய்யலாம்” என்று சர்ட்டிஃபிகேட் கொடுத்துவிட்டார். அன்று மத்தியானமே சப்பாத்தி மாவு பிசைந்தாள்.

ராத்திரி பத்து மணி. சீப்பு என் பக்கம் நீண்டது.

“கைதான் சரியாயிடுச்சே?”

“பின்பக்கம் எட்டலை.”

மாவு பிசைகிற கை, பிடரிக்கு எட்டாதா என்று ஒரு கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூன்று கால் பிரித்தேன்.